டாக்டர் லக்சமனாவின் சிக்கனம்

பயிற்சியறைத் திரையில் ஒரு கற்பனை மருத்துவமனை. அதன் மின்செலவைக் குறைத்துப் பூமியைக் காப்பாற்றும் இயக்குநருக்குக் கோப்பை. மணிலா மருத்துவமனை இயக்குநர் லக்சமனா, குளிருக்கு ஜாக்கெட்டை இழுத்து மூடிக்கொண்டு வெளுத்துக்கட்டினார்.

"ஊழியர்கள் அறையில ஏசி முப்பது டிகிரி!"

"புழுங்குமே, டாக்டர்?" என்றாள் பயிற்சியாளர் லிகாயா.

"புழுங்கட்டும், பழகிடும். அவங்க லிஃப்டையும் நிறுத்தும்மா. நடந்தா உடம்புக்கு நல்லது!"

கோப்பை அவருக்கே. கைதட்டல் ஓய்வதற்குள் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"ஏசியை யாரும்மா கெடுத்தது?"

"நீங்கதான், டாக்டர். திரையில ஊழியர்களுக்கு நீங்க சொன்னதெல்லாம் இந்தக் கட்டடத்துல உங்களுக்கும் நடக்கும். அப்படித்தான் இணைச்சிருக்கோம்."

லக்சமனா ஜாக்கெட்டைக் கழற்றினார். "சரி, சாப்பாடு எங்கே?"

"பதினோராவது மாடியில, டாக்டர். நடந்தா உடம்புக்கு நல்லதாமே!"