பல்லி இறக்கிய விமானங்கள்

சிற்றலை ரேடியோவுக்குப் பின்னால் ஒரு பல்லி குடியிருந்தது. கடலுக்கு மேலே பறக்கும் விமானிகள் தாங்கள் எங்கே, எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்று ரேடியோவில் சொல்வார்கள். உடனே பல்லி, "ட்ச் ட்ச்" என்று ஆமோதிக்கும்.

"பக்கத்துலயே கொசு உட்கார்ந்திருக்கு. சாப்பிட்டுட்டு வாயேன் அக்கா," என்றது சிலந்தி.

"நல்லாச் சொன்னே! பல்லி சொன்னாத்தானே எதுவும் பலிக்கும்? வாயில கொசுவை வச்சுக்கிட்டு நான் எப்படிச் சொல்றது? அத்தனை பேரும் கடல்ல விழுந்துடுவாங்க."

அந்தக் கொசுவைச் சிலந்தி சாப்பிட்டது. அடுத்து வந்ததையும் அதுவே சாப்பிட்டது. பல்லி ஈர்க்குச்சியாய் இளைத்தது.

ஒருநாள், ஒரு விமானி பேசிக்கொண்டிருக்கும்போதே வீட்டுக்காரர் ரேடியோவை அணைத்துவிட்டார்.

பல்லி நாக்கால் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

"அப்பாடா! எல்லாரையும் பத்திரமா இறக்கிட்டேன். கொசு ஏதாவது மிச்சமிருக்கா?"