ஒன்பது வட்டம்

அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தி ஓய்வு பெற்றவர் அவர். அவருடைய சிவப்புப் பேனாவுக்குத்தான் ஓய்வு இல்லை. வெளியூரில் இருக்கும் மகள் போனில் அனுப்பும் செய்திகளை, கண் மங்கிப்போன அவருக்காக மனைவி தாளில் பெரிய எழுத்தில் எழுதித் தருவாள். "பிழையோட அப்படியே எழுது" என்பது அவர் உத்தரவு.

இன்றைய தாளையும் சல்லடை போட்டுச் சலித்தார்.

"பாத்தியா, ஒரு வருஷமா ஒரு பிழை கிடையாது. அன்னிக்கு ஒன்பது பிழைக்கு ஒன்பது வட்டம் போட்டு, போட்டோ எடுத்து அவளுக்கே அனுப்பச் சொன்னேனே, அதுல வந்த புத்தி."

"புருஷன் விட்டுட்டுப் போயிட்டான்னு எழுதியிருந்தாளே, அதுலதானே?"

"எதுவா இருந்தா என்ன, பிழை பிழைதான். சரி, அவளுக்குப் போன் போடு. நாலு வார்த்தை பாராட்டிடறேன்."

"நம்பர் என்கிட்ட இல்லீங்க. அந்தப் போட்டோ போன அன்னிக்கே மாத்திட்டா."

அவர் தாளையே பார்த்தார்.

"அப்ப இதெல்லாம்?"

மனைவி காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"முப்பது வருஷமா உங்ககிட்டத் திட்டு வாங்கறேன். பிழை இல்லாம எழுதக்கூடவா கத்துக்கிட்டிருக்க மாட்டேன்?"