ஐந்தாவது மன்றாட்டு

கல்யாணத் திருப்பலியில் ஐந்தாவது மன்றாட்டுச் சீட்டை எடுத்த ஜெபமலர் டீச்சர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். முதல் பெஞ்சில் பட்டு வேட்டியோடு உட்கார்ந்திருந்த தோமினிக்குக்கு அதைப் பார்க்க இளநீர் குடித்த மாதிரி இருந்தது.

அழட்டும்! இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் மகள் பிரின்சியைத் தன் மகன் ரூபனுக்குப் பெண் பார்க்கப் போய், கேசரியையும் தின்றுவிட்டு, "இந்தக் கருப்பு ரத்தம் எங்க பரம்பரையில கலக்கக் கூடாது" என்று எழுந்து வந்தவர் அவர். இதோ, சுண்டினால் சிவக்கிற நிறத்தில் எடப்பாடி அனிதாவைப் பிடித்து, சற்றுமுன் தாலியும் கட்டியாயிற்று. கோயிலில் விழுந்த முடிச்சு, சாகிற வரைக்கும் அவிழாது.

டீச்சர் கண்ணாலேயே பார்த்து வயிறெரியட்டும் என்றுதான் மன்றாட்டு வாசிக்க அவளையே போடச் சொல்லியிருந்தார்.

டீச்சர் வாசித்தாள்.

"ஆண்டவரே, கருப்பு ரத்தம் கலக்காமல் இந்தப் பரம்பரையைக் காத்து, வெள்ளைத் தோல் மருமகளைத் தந்தீரே, நன்றி. இந்த வீட்டில் கருத்த பிள்ளை ஒன்றுகூடப் பிறக்காதபடி காத்தருள வேண்டுமென்று, ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்."

பழக்க தோஷம்! "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று பாதிக் கோயில் ராகம் போட்டுவிட்டுத்தான் விழித்தது. முதலில் கேட்டதே மணப்பெண்ணின் குரல்தான். பாவம், பிள்ளை பதற்றத்தில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார் தோமினிக்.

பின் பெஞ்சு இளவட்டங்கள் கொல்லென்று சிரித்தார்கள். "அடப்பாவிங்களா, கருப்பா பொறந்தா ஆண்டவர் வேணாம்னுடுவாரா?" என்று ஒரு பெரியம்மா எழுந்து வெளியே போனாள். "இதுல என்னங்க தப்பு? அவனவன் மனசுக்குள்ள வேண்டறதுதானே!" என்றார் பக்கத்துப் பெஞ்சுக்காரர்.

திருப்பலி முடிவதற்குள் வீடியோ, தோமினிக் கடை வைத்திருக்கும் செவ்வாய்ப்பேட்டையின் மளிகை வியாபாரிகள் வாட்ஸ்அப் குரூப்புக்கே போய்விட்டது. அவர் மானம் கப்பலேறியது.

மணமக்கள் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த பதிவேட்டு அறைக்கு டீச்சரை வரவழைத்து, பங்குச் சாமியார் முன்னால் நிறுத்தினார் தோமினிக்.

"நான் உன் ஊட்டுல சொன்னதை எனக்கே திருப்பி வாசிக்கிறியா? எம்மாம் பெரிய நெஞ்சழுத்தம்!"

"கையில கொடுத்ததைப் படிச்சேங்க."

"யாரு கொடுத்தாங்க?"

டீச்சர் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"எப்படிச் சொல்லுவா? எழுதினதே இவதான்! சாமி, பங்குப் பள்ளிக்கூடத்துக்கு நான் பொருளாளர். இன்னிக்கே இவளை வேலையை விட்டு எடுக்கறீங்க. இல்லேன்னா நான் சும்மா இருக்க மாட்டேன்!"

டீச்சரின் கண் கலங்கியது. புருஷன் போன பிறகு அந்தச் சம்பளத்தில்தான் அவள் வீட்டில் உலை கொதிக்கிறது. அது தோமினிக்குக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்டார்.

பங்குச் சாமியார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "டீச்சர், யார் எழுதினதுன்னு சொல்லிடுங்கம்மா. இல்லாட்டி நான் ஒண்ணும் செய்ய முடியாது."

"சொல்ல மாட்டேன் சாமி. வேலை போனாப் போகட்டும்."

"பாத்தீங்களா, திமிரை!" தோமினிக் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துச் சாமியார் முன்னால் வைத்தார். அவருக்கு இப்போதுதான் மனசு ஆறியது. "எழுதுங்க சாமி. நாளையிலருந்து வர வேண்டாம்னு எழுதுங்க."

கடைசிக் கையெழுத்தையும் போட்டுவிட்டுப் பேனாவை மூடினாள் அனிதா. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மாமனாரிடம் வந்து நின்றாள்.

"டீச்சரை விட்டுடுங்க மாமா. பிரின்சியும் நானும் காலேஜ் ஹாஸ்டல்ல மூணு வருசம் ஒரே ரூமுங்க."

"அதுக்கு?" என்றார் தோமினிக்.

"சீட்டு எழுதினது நானுங்க. இனிமே நம்மூட்டுல தினமும் குடும்ப செபமும் நான்தான் சொல்லுவேன்."