முந்தி வரும் சத்தம்

புது செட்டாப் பாக்ஸை டிவியில் மாட்டியதிலிருந்து சத்தம் முன்னால் வந்தது, படம் பின்னால் வந்தது. கதவை அறைந்து சாத்தும் ஓசை கேட்ட பிறகுதான் திரையில் கதவு அசையும். வயரை மாற்றினேன். செட்டிங்ஸில் சத்தத்தைத் தள்ளிப்போட்டுப் பார்த்தேன். கடைக்காரர் வேறு பாக்ஸ் கொடுத்தார். அதிலும் அதே கதைதான்.

“இங்க நல்லாத்தான் ஓடுது சார். உங்க வீட்லதான் ஏதோ கோளாறு” என்று சலித்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் மனைவி, “அதையே கட்டிக்கிட்டு அழாதீங்க, டீ ஆறுது” என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் அவள் உதடுகள் அசைந்தன.

பாக்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். டிவியின் பிளக்கையும் பிடுங்கிவிட்டேன். ஆனாலும் இடைவெளி நாளுக்கு நாள் கூடியது. நேற்று கண்ணாடித் தம்ளர் உடையும் சத்தம் கேட்டு அடுப்படிக்கு ஓடினேன். தம்ளர் அவள் கையில் முழுசாக இருந்தது. நான் கையை நீட்டுவதற்குள் நழுவிவிட்டது.

இன்று காலை அவள் என் எதிரில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். வாய் மூடியிருந்தது.

“குளிச்சிட்டு வந்துடறேன்” என்று அவள் குரல் கேட்டது. குளியலறையில் தண்ணீர் கொட்டியது. ஏதோ கனமாக விழுந்தது. யாரோ கதவை இடித்து, அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். அது என் குரல்.

அவள் நிமிரவே இல்லை. கடைசித் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை.

துண்டின் ஒரு முனையை நான் விடாமல் பிடித்திருக்கிறேன். மறுமுனையை அவள் இழுக்கிறாள், சத்தமே இல்லாமல் சிரித்தபடி.