வண்டி போன வழி

"இனிமே ஒளிய முடியாதுடா ஆர்விட்! உன் வண்டி எந்த ஏரிக்குப் போகுதுன்னு அடுத்த மாசம் எனக்குத் தெரிஞ்சிடும்!"

டுவேன் போட்ட சத்தத்தில் காபிக் கடையே திரும்பிப் பார்த்தது. ஆர்விட்டின் கையிலிருந்த டோனட் நழுவிக் காபிக்குள் மூழ்கியது.

மினசோட்டாவில் பத்தாயிரம் ஏரிகள். அதில் எந்த ஏரியில் ஆர்விட் 'வால்ஐ' என்ற ருசியான மீனைப் பிடிக்கிறார் என்பது யாருக்கும் தெரியாது. இருபது வருஷமாகச் சர்ச்சின் கோடை விருந்துக்கு அவர்தான் மீன் கொடுக்கிறார். ஒவ்வொன்றும் கைக்குழந்தை கனம். அவர் வண்டி ஊருக்குள் நுழைந்தால் போதும், பூனைகள் எல்லாம் எழுந்து நின்று மரியாதை செய்யும். டுவேனோ அதே இருபது வருஷத்தில் தூண்டில் போட்டுப் பிடித்தது ஜலதோஷம் மட்டும்தான்.

"உனக்கு எப்படிடா தெரியும்?"

"போலீஸ் கேமரா ரோட்டுல போற அத்தனை வண்டி நம்பரையும் படிச்சு வச்சுக்குது. அரசாங்கத்துகிட்ட இருக்கிற தகவலை யார் கேட்டாலும் கொடுக்கணும். அதான் நம்ம மாநிலச் சட்டம். நான் கேட்டுட்டேன்!"

"அடப்பாவி! பக்கத்து வீட்டுக்காரனை வேவு பார்க்கவா சட்டம் போட்டாங்க?"

"மறைக்க ஒண்ணும் இல்லாதவன் எதுக்குப்பா பயப்படணும்?"

இருபது வருஷப் பெயர் ஒரே மாதத்தில் போய்விடும். ஆர்விட்டுக்கு வியர்த்தது. அந்தச் சட்டத்தைத் திருத்தும் மசோதா ஒன்று தலைநகர் செயின்ட் பாலில், ஒரு செனட் குழுவின் மேஜையில் தூங்கிக்கொண்டிருந்தது. ஆர்விட் நேரில் போய் அதைத் தட்டி எழுப்பினார். டுவேனும் விடாமல் பின்னாலேயே போனார்.

"அம்மா, அரசாங்கம் என்ன செய்யுதுன்னு நான் பார்க்கணும். அதுக்கு இந்தச் சட்டம் வேணும்" என்றார் ஆர்விட், குழுத் தலைவி லோரேனிடம். "ஆனா நான் எங்க போறேன்னு டுவேன் எதுக்குப் பார்க்கணும்? ஒருத்தர் மனநல டாக்டர்கிட்ட போவார். ஒருத்தர் வேற சர்ச்சுக்குப் போவார். நான் மீனுக்குப் போறேன்."

அதுவரை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த, தலைவியையும் சேர்த்து எட்டு செனட்டர்களும் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

டுவேன் துள்ளி எழுந்தார். "ஏரி எல்லாருக்கும் சொந்தம் மேடம்!"

லோரேன் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "ஏரி எல்லாருக்கும் சொந்தம்தான். அதுக்குப் போற வழி அவரவருக்குச் சொந்தம். கொலைகாரனைக்கூட மன்னிச்சிடலாம் மிஸ்டர் டுவேன், அடுத்தவன் மீன் பிடிக்கிற இடத்தைக் கேட்கிறவனை மன்னிக்க முடியாது. உட்காருங்க!"

அறையில் எழுந்த சிரிப்பில் ஜன்னல்கள் அதிர்ந்தன. வானம் நீலமா என்று கேட்டால்கூட இரண்டாகப் பிரிந்து மோதும் கட்சிகள், அன்று கேள்வி முடியும் முன்பே எட்டுக் கைகளையும் தூக்கின. இரண்டு அவைகளிலும் மசோதா மின்னலாய் நிறைவேறியது. ஆளுநரும் கையெழுத்துப் போட்டார். வண்டி போன வழியை இனி வண்டிக்காரர் மட்டுமே கேட்கலாம். டுவேனுக்குக் கிடைத்தது, 'தர இயலாது' என்ற பதில்தான்.

"சரிடா, ஜெயிச்சுட்டே" என்றார் டுவேன். "விருந்துக்காவது பெரிய மீனாக் கொண்டா."

"இந்தத் தடவை பாரு, மீனுக்கு ஒரு நாற்காலி, எனக்கு ஒரு நாற்காலி!"

சனிக்கிழமை விடிந்ததும் தூண்டிலையும் வாளியையும் ஏற்றிக்கொண்டு, சீட்டி அடித்தபடி ஆர்விட் கிளம்பினார். வழியில் வந்த ஏரிகளில் ஒன்றில்கூட வண்டி நிற்கவில்லை. பாலத்தைத் தாண்டி, அடுத்த மாநிலமான விஸ்கான்சினில், ஒரு மீன் கடை வாசலில்தான் நின்றது.

"வாங்க ஆர்விட், வழக்கம்போல தலையோட, பெருசாத்தானே?" என்றார் கடைக்காரர். "கொஞ்சம் வரிசையில நில்லுங்க. இவங்கெல்லாம் முன்னாடியே வந்துட்டாங்க."

முழங்கால் பூட்ஸும் தோளில் தூண்டிலுமாக முன்னால் நின்ற பெண்மணி திரும்பி, உதட்டில் விரல் வைத்தார்: செனட்டர் லோரேன். அவருக்கு முன்னால், தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டபடி, குழுவின் மற்ற ஏழு பேரும்.