நிதானமான தட்டு

லிஃப்ட் மெக்கானிக் ஒருவருக்குக் கிதாரில் ஸ்லோ ப்ளூஸ் என்ற மெதுநடை இசை கைவந்துவிட்டது. காலப்பிரமாணம் மட்டும் நிற்கவில்லை. ஒவ்வொரு சுரமும் தாளத்தை முந்திக்கொண்டு ஓடியது.

"என்ன மச்சான், பஸ்ஸையா புடிக்கப் போற? கச்சேரிக்குள்ள சரி பண்ணு. இல்லன்னா வேற ஆள் பாக்கணும்" என்றார் டிரம்ஸ் வாசிக்கும் சிநேகிதர்.

அன்று மாலை வீட்டில் பழகும்போது தரைக்கடியில் யாரோ காலால் தட்டினார்கள். வீடு தரைத்தளம், கீழே வெறும் மண்தான். ஆனால் தட்டு நிதானமாக விழுந்தது. அதைப் பிடித்துக்கொண்டு வாசித்தார். சுரங்கள் அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்தன.

நாளுக்கு நாள் தட்டு மெதுவானது. அவரும் விடாமல் பின்னாலேயே போனார். ஒத்திகையில் சிநேகிதர் முதுகில் தட்டிக்கொடுத்தார். "இப்பதான்டா மனுஷன் மாதிரி வாசிக்கிற!"

கச்சேரிக்கு முந்தின நாள், மார்பில் தலைசாய்த்திருந்த மனைவி சட்டென்று நிமிர்ந்தாள்.

"ஏங்க, நெஞ்சு ஏன் இவ்ளோ மெதுவா அடிக்குது?"

"அதுக்கும் தாளம் பழகிடுச்சு போல" என்று சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. மறுபடியும் காதை வைத்தாள். தரைக்கடியில் ஒரு தட்டு விழுந்தது. அதே நொடியில் அவர் நெஞ்சும் ஒருமுறை அடித்தது. அடுத்ததற்காக இருவரும் காத்திருந்தார்கள்.