லூதியானா ரோஜா

“கடைசிச் சதுரத்த நானே முடிக்கிறேன். யாரும் கை வெக்கக் கூடாது” என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டேன்.

கடையில் இருந்த ஏழு பெண்களில் ஆறு பேர் சேர்ந்தாற்போல் “அய்யோ” என்றார்கள்.

ஒசூரை ஒட்டிய மத்திகிரியில் உல்லன் நூல் கடை வைத்திருப்பவன் நான். மார்கழிக் குளிரை நம்பித் தொடங்கியது. மற்ற பதினோரு மாதமும் என் வாயை நம்பி ஓடுகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, தெருக்காரர்கள் கூடி ஏதாவது செய்வோம். இந்த முறை அங்கன்வாடிப் பிள்ளைகள் உட்காரக் கம்பளி. பன்னிரண்டு பிள்ளைகள், பன்னிரண்டு சதுரம்.

செம்மறி ரோமத்தைப் பிய்த்து அடுக்கி, சுடுதண்ணீரில் சோப்புக் கலந்து தெளித்து, உள்ளங்கையால் மெதுவாகத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ரோமம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கெட்டியாக இறுகிவிடும். தறி வேண்டாம், பின்னலூசி வேண்டாம். பொறுமை மட்டும் போதும்.

அது என்னிடம் கிடையாது என்பது இந்தப் பெண்களின் தீர்ப்பு. பத்து வருடம் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலையில் இருந்தவன்; அடுத்தவர் செய்ததில் குறை சொல்லத் தெரியும், அவ்வளவுதான் என்பார்கள். நான் மறுத்ததில்லை.

பதினோரு சதுரம் முடிந்து கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. நாளைக் காலையில் எல்லாம் அங்கன்வாடியில் இருக்க வேண்டும். கடைசியை இப்போது முடிக்காவிட்டால் காயாது. ஒரு பிள்ளை வெறுந்தரையில் உட்காரும்.

வெளிச்சம் அங்கேதான் நன்றாக இருக்கிறது என்று சொல்லி, மேசையை நஞ்சம்மாவின் ஸ்டூலுக்கு எதிரே இழுத்துப் போட்டேன்.

நஞ்சம்மாவுக்குச் சொந்த ஊர் பக்கத்துப் பேரிகை. நாலு வாரமாக வருகிறார். வலது கை எப்போதும் முந்தானைக்குள். பிரஸ் மெஷினில் இரண்டு விரல் போன நாளிலிருந்து அந்தக் கையை அவர் யாருக்கும் காட்டியதில்லை. சோறுகூட இடது கையால்தான், அதுவும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து.

“வூட்ல சொவத்தப் பாத்துட்டு இருக்கறதுக்கு, இங்க வந்து உங்களப் பாக்கட்டும் அங்கிள்” என்று மகள் ஹரிணிதான் கொண்டுவந்து விட்டாள்.

சுவருக்கு அடுத்த இடம் எனக்கு. பரவாயில்லை.

முதல் வாரம் நஞ்சம்மா கேட்டது ஒரே கேள்வி. கண்ணாடிப் பெட்டியில் இருக்கிற, ரோமத்தால் செய்த ரோஜாவைப் பார்த்து, “இது யாரு சார் செஞ்சது?”

எல்லோரும் கேட்பதுதான். எல்லோருக்கும் சொல்வதையே சொன்னேன். “லூதியானா சரக்கும்மா.” லாரி லாரியாக ரோஜா ஏறுகிற ஒசூரில் உட்கார்ந்துகொண்டு, உல்லனுக்குப் பேர்போன லூதியானாவிலிருந்து ரோஜா வரவழைத்த ஒரே வியாபாரி நானாகத்தான் இருப்பேன்.

அதன் பிறகு அவர் பேசவில்லை. இடது கையால் ரோமத்தைப் பிய்த்துக் கொடுப்பார். அதோடு சரி.

நான் தண்ணீரைத் தெளிக்கவில்லை, ஊற்றினேன். தேய்த்தேன். ரோமம் ஓரத்துக்கு ஒதுங்கியது. விடாமல் அழுத்தினேன். நடுவில் ஓட்டை விழுந்தது. முதலில் ஒரு ரூபாய் அளவு, அப்புறம் இட்லி அளவு.

“ஏம்ப்பா மாதேசு, அது கம்பளியா தோசக்கல்லா?” என்றார் சரோஜம்மாள். புருஷன் போன துக்கத்தில் போன வருஷம் வாயே திறக்காமல் இங்கே வந்து உட்கார்ந்தவர். இப்போது அந்த வாயை மூட ஆள் இல்லை.

“எனக்குத் தெரியும்க்கா” என்று இன்னும் பலமாகத் தேய்த்தேன்.

ஸ்டூல் தரையில் கிரீச்சிட்டது.

“பேடா, பேடா!” பதறினால் நஞ்சம்மாவுக்கு ‘வேண்டாம்’கூடக் கன்னடத்தில்தான் முதலில் வரும். “மாட்டக் கழுவற மாதிரியா தேய்ப்பாங்க? நவுருங்கண்ணா அந்தாண்ட!”

நகர்ந்தேன்.

இடது கை புது ரோமத்தை ஓட்டையின் மேல் பரப்பியது. முந்தானையிலிருந்து வலது கை வெளியே வந்து அதன் மேல் இறங்கியது.

மூன்று விரல். முழு உள்ளங்கை.

பச்சைப்பிள்ளைக்குத் தலையில் எண்ணெய் வைக்கிற மாதிரி அந்தக் கை சுற்றிச் சுற்றி வந்தது. சரோஜம்மாள்கூட வாயை மூடிக்கொண்டு தண்ணீர் தெளித்துக் கொடுத்தார்.

அரை மணி நேரம் கழித்து நஞ்சம்மா சதுரத்தைக் கிள்ளிப் பார்த்தார். ரோமம் தனியாக எழும்பி வரவில்லை. இறுகிவிட்டது.

அப்போதுதான் தன் கையைக் கவனித்தார். முழங்கை வரை நுரை. சுற்றி ஆறேழு பேர்.

சட்டென்று முந்தானையை இழுத்தார்.

கையைத் துடைத்துக்கொண்டார். முந்தானையை இடுப்பில் செருகினார்.

“அடுத்த வாரம் நா வர்ற வரைக்கும் நீங்க எதயும் தொடாதீங்க” என்று, எந்தக் கையில் விரல் குறைவோ அந்தக் கையை நீட்டி என்னை மிரட்டிவிட்டுப் படியிறங்கினார்.

ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். சரோஜம்மாள் மட்டும் செருப்பு மாட்டுகிற சாக்கில் வாசலில் நின்றார்.

“போன வருசம் எனக்காக நீ நடிச்சது இதவிட நல்லா இருந்துச்சுப்பா. இன்னிக்கி ஓட்ட ரொம்பப் பெருசு.”

நான் காதில் வாங்காதவன் போல் கண்ணாடிப் பெட்டியைத் துடைக்கப் போய்விட்டேன்.

ரோஜாவின் மூன்றாவது இதழ் கொஞ்சம் தடிப்பு. இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அதைச் செய்த அன்றைக்கு நான் இன்னும் கால் மணி நேரம் தேய்த்திருக்கலாம்.